கிள்ளானில் ஒரு கம்பம்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் நடைபாதையில் பார்வையற்றவர்களுக்காக மஞ்சள் ஓடு பதித்திருக்கிறார்கள். மேடு வைத்த ஓடு. காலால் தடவிக்கொண்டே போகலாம். ஓட்டலில் பெட்டியை வைத்துவிட்டு வெளியே வந்ததும் அதன் மேலேயே நடந்து பார்த்தேன். நேராகப் போனது, வளைந்தது, ஒரு தூணில் போய் முட்டியது. தூணுக்கு அந்தப் பக்கம் மறுபடி ஆரம்பித்தது. ஓடு பதித்தவன் வேறு, தூண் எழுப்பியவன் வேறு. எங்கள் திருச்சியில் ஓடே கிடையாது என்பதால் யாரும் நம்பி ஏமாறுவதில்லை.

திருச்சியில் நகரமைப்பு வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவள் நான். கல்யாணத்துக்குப் போனாலும் மண்டபத்தில் வண்டி நிறுத்த இடம் விட்டிருக்கிறார்களா என்றுதான் என் கண் போகும். பொண்ணு மாப்பிள்ளையைப் பார்ப்பது அப்புறம்தான்.

கோலாலம்பூருக்கு அழைத்தவர் சுகுமாறன். எப்போதோ ஒரு பயிற்சி வகுப்பில் பக்கத்து நாற்காலிக்காரர். என்னைவிடச் சின்னவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். பெட்டாலிங் ஜெயாவில், ஊர்களுக்குத் திட்டம் வரைந்து கொடுக்கும் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய பகுதிக்குப் புதுத் திட்டம் போடுகிறார்கள், ஒரு வாரம் வந்து கூட உட்காருங்கள், உங்கள் ஊர் அனுபவத்தையும் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். எனக்கும் அலுவலகத்தில் யாரோடும் பேச்சுவார்த்தை சரியில்லாத நேரம். லீவு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் உணவுக் கடையில், மேசை துடைத்தவர் "பசியாறிட்டீங்களாக்கா?" என்றார். நான் உருகிப்போனேன். காலை ஆகாரத்துக்குப் பசியாறுவது என்று ஒரு சொல்! நாங்கள் டிபன் என்று வெள்ளைக்காரன் சொல்லை மென்றுகொண்டிருக்கும்போது இவர்கள் பசியாறுகிறார்கள். ரொட்டி கோசோங் கேட்டு வாங்கினேன். கோசோங் என்றால் மலாயில் காலி, ஒன்றும் இல்லாதது. முட்டை, வெங்காயம் எதுவும் போடாத வெறும் பரோட்டா. நன்றாக இருந்தது, சாம்பாரில்தான் சர்க்கரை போட்டதுபோல் ஒரு தித்திப்பு.

சுகுமாறன் காரில் வந்து அழைத்துப் போனார். பெட்டாலிங் ஜெயா போய்ச் சேருவதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். சாலைக்கு மேல் சாலை, அதற்கு மேல் ரயில், அதற்கு மேலும் ஏதோ கட்டிக்கொண்டிருந்தார்கள். வானம் அழுக்குத் துணியை விரித்த மாதிரி கிடந்தது. நடந்து போகிற ஒரு மனிதரைக்கூடப் பார்க்கவில்லை. "நடக்கறவங்க எல்லாம் எங்க?" என்று கேட்டேன்.

"காடி வாங்கப் போயிட்டாங்க" என்றார். காடி என்றால் இங்கே கார்.

அலுவலகத்தில் சுவர் நீளத்துக்கு ஒரு வரைபடம். மஞ்சள் என்றால் வீடுகள், ஊதா என்றால் தொழில், பச்சை என்றால் திறந்த வெளி; உலகம் முழுக்க எங்கள் ஜாதிக்கு ஒரே மாதிரிப் புத்தி. பண்டமாரான் என்ற ஊருக்குப் பின்னால், துறைமுகச் சாலைக்கு அருகில், ஒரு துண்டு மட்டும் ஊதா அடித்துக் கோசோங் என்று எழுதியிருந்தது. காலை பரோட்டா நினைவு வந்து சிரித்தேன். சுகுமாறன் சிரிக்கவில்லை.

"காலின்னு போட்டிருக்கு. ஆனா ஆளுங்க இருக்காங்கக்கா. நான் போய்ப் பாத்தேன். வீடு இருக்கு, கோயில் இருக்கு, பிள்ளைங்க ஸ்கூல் போகுதுங்க."

"பின்னே ஏன் காலின்னு போட்டீங்க?"

"நெலம் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். ரப்பர் தோட்டத்த வித்தப்ப வெளிய வந்த ஜனங்க அங்க வீடு கட்டிக்கிட்டாங்க. பத்திரத்துல வீடு இல்ல, அதனால மேப்லயும் இல்ல. லோரி நிறுத்த எடம் வேணும்னு கம்பெனி கேக்குது."

அவர் விவரமாகச் சொன்னார். சனிக்கிழமை கிள்ளானில் ஒரு மண்டபத்தில் பொதுமக்கள் வந்து கருத்துச் சொல்லும் நாள். அதற்குப் பிறகு கிடையாது. அந்தக் குடியிருப்பிலிருந்து ஒரே ஓர் ஆள் வந்து, நாங்கள் இங்கே இருக்கிறோம், எடுக்காதே என்று சொன்னால் போதும். அது ஆட்சேபமாகப் பதிவாகிவிடும். அந்தத் துண்டை மஞ்சளாக்க அவரால் சண்டை பிடிக்க முடியும். மஞ்சளாகிவிட்டால், கம்பெனி அதே இடத்தில் எல்லோருக்கும் சேர்த்து வீடு கட்டிக்கொடுத்துவிட்டுத்தான் மிச்சத்தைத் தொட முடியும்.

"நான் சொன்னா அது ஆபீஸ் சண்ட. அவங்க சொன்னாத்தான் எடுபடும்" என்றார். "ஒரு அக்காகிட்ட கெஞ்சி வச்சிருக்கேன். ஸ்கூல் வேன் ஓட்டுறவங்க. வரேன்னு சொல்லியிருக்காங்க."

எங்கள் ஊரில் இந்த மாதிரி ஒரு துண்டுக்காக முகம் வாடிய அதிகாரியை நான் பார்த்ததில்லை. என் முகமும் வாடியதில்லை. எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது.

சனிக்கிழமை காலை மழை கொட்டியது. சுகுமாறன் காரில் நேராக மண்டபத்துக்கு வருவதாகவும், நான் ரயிலில் கிள்ளான் வந்துவிடுவதாகவும் ஏற்பாடு. நான் எதிர்த்திசை ரயிலில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். மூன்று நிலையம் போன பிறகுதான் துறைமுகம் போகிற வண்டி இப்படி மலைப்பக்கம் ஏன் போகிறது என்று உறைத்தது. மலாய்ப் பெண்மணி ஒருவர், "மகளே, நீங்கள் போக வேண்டிய இடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். எதிரே இருந்த அவருடைய தோழி மலாயில் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். என்ன என்று கேட்டேன். "இந்தத் தடத்தில் ரயிலுக்குக் காத்திருந்தே தன் தங்கைக்குக் கல்யாண வயசு தாண்டிவிட்டது என்கிறாள்" என்று மொழிபெயர்த்தார். இறங்கி, மாறி, கிள்ளானுக்கு நனைந்த கோழியாகப் போய்ச் சேர்ந்தேன்.

மண்டபத்தில் வரிசையாக மேசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மொழியின் பெயர் எழுதிய சிறு பலகை வைத்திருந்தார்கள். தமிழ் என்று பலகை வைத்த மேசையில் சுகுமாறன் இல்லை. அவருடைய உதவியாளர் மெய் லிங் மட்டும் கணினியோடு உட்கார்ந்திருந்தார். சீனப் பெண், மலாய், ஆங்கிலம், சீனம் எல்லாம் பேசுவார், தமிழ் ஒரு சொல் தெரியாது. என்னைப் பார்த்ததும் கடவுளைக் கண்டதுபோல் எழுந்து நின்றார்.

சுகுமாறனின் போன் வந்தது. நெடுஞ்சாலையில் லோரி கவிழ்ந்து வண்டிகள் மைல் கணக்கில் நிற்கின்றனவாம். "அக்கா, நீங்க ஒக்காருங்க. அவங்க தமிழ்ல சொல்றத இங்கிலீஷ்ல மெய் லிங்குக்குச் சொன்னாப் போதும். தமிழ்தானே!" என்றார். அதானே, தமிழ்தானே. ஒரு அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். நகரத் திட்டமிடுநர் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

வந்தவர்கள் பெரும்பாலும் சாக்கடைக்காகத்தான் வந்தார்கள். பிறகு பஸ் நிறுத்தம். மறுபடி சாக்கடை. உள்ளூரில் கேட்டுக் காது புளித்த விஷயங்கள். ஐந்து நிமிஷத்தில் ஒன்றை முடித்தேன். மெய் லிங் என் வேகத்தைப் பார்த்துப் பாராட்டினார். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது என்றே சொல்ல வேண்டும்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு எழலாம் என்று இருந்தபோது அந்தப் பெண்மணி வந்தார். ஐம்பது வயது இருக்கும். கட்டையான உருவம், முழங்கை வரை மடித்த ஆண்கள் சட்டை, கையில் வண்டிச் சாவி. பலகையைப் படித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"பண்டமாரான்லேருந்து வரேன். பேரு பவானி. ஸ்கூல் வேன் ஓட்டுறேன். மேடம் ஊர்லேருந்து வந்தவங்களா? பேச்சுலயே தெரியுது. நல்லதாப் போச்சு" என்றார். பிறகு சாவியை மேசையில் வைத்துவிட்டு, "நம்ம கம்பத்த எடுக்கக் கூடாது, மேடம்" என்றார்.

"எந்தக் கம்பம்?"

"கோயிலச் சுத்தி இருக்கே, அதான். சடக்க பெருசாக்கறோம், லோரிக்கு எடம் வேணும்னு கம்பத்த எடுக்கப் பாக்கறாங்க. எங்கப்பா காலத்துல வந்தது. கம்பம் போச்சுன்னா எங்களுக்கு இருட்டுதான்."

சாலையை அகலப்படுத்தும்போது விளக்குக் கம்பத்தைப் பிடுங்கிவிட்டு, மறுபடி நட மறந்துபோவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். எங்கள் தெருவிலேயே நடந்திருக்கிறது. பாவம், இதற்காக மழையில் வந்திருக்கிறாரே என்று இருந்தது. சுற்றி என்று அவர் சொன்னதைப் பக்கத்தில் என்று எடுத்துக்கொண்டேன். "இப்ப எப்படி இருக்கு? நல்ல நிலைமைதானா?" என்று கேட்டேன்.

"மழை பேஞ்சா முழங்கால் தண்ணி நிக்கும். மத்தபடி ஒரு கொறையும் இல்ல."

"தண்ணி நிக்கற இடத்துல இருக்கறது ஆபத்தாச்சே! மேடான இடமாப் பார்த்து மாத்தினா உங்களுக்குத்தானே நல்லது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "மாத்தறதுன்னா... முழுசாவா மேடம்? பிச்சுப் பிச்சு ஆளுக்கு ஒரு பக்கம் போட்டுட மாட்டாங்களே?"

பேச்சு வழக்கு இந்த ஊரில் ஒரு மாதிரிதான் இருக்கும்போல என்று நினைத்தேன். "ஏன் பிக்கணும்? அப்படியே முழுசா எடுத்து, பக்கத்துலயே வச்சுடுவாங்க. எங்க ஊர்ல நானே எத்தனையோ கம்பத்த மாத்தியிருக்கேன். சட்டுனு முடிஞ்சிடும்."

"நீங்களேவா?" அவர் கண் விரிந்தது. "கோயிலு?"

"கோயில் பக்கத்துலயே இருக்கற மாதிரி வைக்கச் சொல்லி எழுதிக்கச் சொல்றேன். கவலையே படாதீங்க. பழையத விடப் புதுசு நல்லாவே இருக்கும்."

பவானி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கை சொரசொரவென்று இருந்தது. "இதுவரைக்கும் ஒருத்தர் இப்படிச் சொன்னதில்ல மேடம். எல்லாரும் தாள நீட்டறாங்க, கையெழுத்துப் போடுங்கறாங்க. நம்ம ஆளு நம்ம ஆளுதான்." எழுந்து போனவர் வாசலில் திரும்பிப் பார்த்து ஒரு தடவை தலையாட்டினார்.

மெய் லிங் என்னவாம் என்றார். விளக்குக் கம்பம் ஒன்று, எடுக்க வேண்டாம், எடுத்தால் கோயில் பக்கம் மேட்டில் நட வேண்டும் என்றேன். இன்றைக்கு வந்ததிலேயே சுலபமான கோரிக்கை இதுதான் என்று சொல்லிக் கணினியில் தட்டிக்கொண்டார்.

சாயங்காலம்தான் சுகுமாறன் வந்து சேர்ந்தார். தொப்பலாக நனைந்திருந்தார். கூட்டம் கலைந்துவிட்டது. "வேன் அக்கா வந்தாங்களா?" என்பதுதான் முதல் கேள்வி.

"வந்தாங்க."

"கம்பத்த எடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்களா?"

"அதையேதான் சொன்னாங்க. அழுத்தமா." எனக்குச் சிரிப்பு வந்தது. "ஏன் சுகு, ஒரு கம்பத்துக்கா இத்தனை பாடு?"

"அந்த ஒரு கம்பம் நின்னாலே எனக்குப் போதும்க்கா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. மழைத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன். கிள்ளான் கடைத்தெருவில் எனக்கு வாழையிலைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். பாகற்காயைச் சிப்ஸாகப் பொரித்து மலைபோல் குவித்தார்கள். இரண்டு பேரும் சந்தோஷமாகத்தான் சாப்பிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை அவர் என்னைப் பெட்டாலிங் ஜெயா ஓரத்தில் ஓர் அடுக்குமாடிக்கு அழைத்துப் போனார். இந்த மாதிரிக் குடியிருப்புகளைக் காலி செய்யும்போது ஆட்களை எங்கே போடுகிறார்கள் என்பதை நான் பார்க்க வேண்டுமாம். பகலிலும் விளக்கு எரியும் தாழ்வாரம். மாடிகளில் துணி காய்ந்தது, காய்ந்த துணி மேல் மேல்மாடித் தண்ணீர் சொட்டியது. இரண்டு லிஃப்டில் ஒன்றின் கதவில் பலகை அடித்திருந்தது. இன்னொன்றின் முன்னால் பத்துப் பேர் நின்றார்கள்.

வரிசையில் நின்ற ஒரு பெரியவர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுத் தானாகவே சொன்னார். "பழைய எடத்துல எழவுன்னா முப்பது வீட்டு ஆளுங்க வந்து நிப்பாங்க. இங்க எம் பொஞ்சாதி செத்தப்ப பெட்டி இந்த லிப்டுக்குள்ள படுக்கல. நிக்க வச்சுத்தான் எறக்கினோம். பக்கத்து வூட்டுக்காரன் கதவத் தெறந்து பாத்துட்டு மூடிக்கிட்டான். அவனக் கொற சொல்லக் கூடாது, அவனுக்கு நம்மளத் தெரியாதில்ல."

நான் லிஃப்டின் உள் அளவைக் கண்ணால் அளந்துகொண்டு நின்றேன். வரைபடத்தில் அது ஒரு சின்னக் கட்டம். குறுக்கே இரண்டு கோடு போடுவோம். அந்தக் கட்டத்தை எத்தனை கட்டடங்களில் பார்த்து அனுமதிக் கையெழுத்துப் போட்டிருப்பேனோ. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. பண்டமாரான் ஆட்களுக்காவது இந்தக் கதி வராது, யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள், சுகுமாறன் திருப்தியாக இருக்கிறார் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். வேன் அக்காவையும் வரைபடத்தில் பார்த்த அந்தத் துண்டையும் நான் முடிச்சுப் போடவே இல்லை. சுகுமாறன் முதல் நாளே சொல்லியிருந்தும், வேன் அக்கா வந்தது விளக்குக் கம்பத்துக்கு, குடியிருப்புக்காக வேறு யாரோ வேறு மேசையில் பேசியிருப்பார்கள் என்று என் புத்தி தானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டது.

திங்கட்கிழமை மத்தியானம் அலுவலகத்தில் மெய் லிங் வந்த கருத்துகளை ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் வாசித்தார். சுகுமாறன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"பண்டமாரான். கோயிலருகே ஒரு விளக்குக் கம்பம். அகற்ற வேண்டாம், அகற்றினால் மேட்டில் நடவும்."

சுகுமாறன் சிரித்தார். "சரி, அது கிடக்கட்டும். அந்தக் குடியிருப்பு பற்றி வந்ததை வாசியுங்கள்" என்றார் ஆங்கிலத்தில்.

"அந்த ஊரிலிருந்து இது ஒன்றுதான்" என்றார் மெய் லிங்.

"அதான் சுகு, வேன் அக்கா சொன்னது" என்றேன் நான்.

அவர் என் பக்கம் திரும்பினார். "அக்கா, அவங்க தமிழ்ல என்ன வார்த்த சொன்னாங்க?"

"கம்பம். நீங்களும்தானே கேட்டீங்க, கம்பத்த எடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்களான்னு."

"உங்க ஊர்ல கம்பம்னா என்னக்கா?"

"கம்பம்னா கம்பம்தான். போஸ்ட். லைட் போஸ்ட்."

சுகுமாறன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். கையை எடுக்காமலே சொன்னார். "இங்க கம்பம்னா ஊரு. மலாய்ல கம்போங். அது எங்க வாயில கம்பமாயிடுச்சு. அவங்க ஊர எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

தேனிப் பக்கம் கம்பம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. என் சின்ன மாமனார் வீடு அங்கேதான். திராட்சை தின்ன எத்தனை தடவை போயிருக்கிறேன்! அதுகூடவா என் மரமண்டைக்கு உறைக்கவில்லை? கம்பம் போனால் இருட்டுதான் என்று ஒரு மனுஷி சொன்னால், அதற்கு விளக்கைத் தவிர வேறு அர்த்தம் இருக்கலாம் என்று தோன்ற வேண்டாமா? பசியாறுதல் என்ற சொல்லுக்கு உருகத் தெரிந்தது, பெரிய தமிழ்ப் பற்றுக்காரி!

மெய் லிங்குக்கு விஷயம் புரிந்ததும் அவர் முகமும் வெளுத்துவிட்டது. "மலாயில் சொல்லியிருந்தால் எனக்கே புரிந்திருக்கும். அவருக்கு என்னைவிட நன்றாக மலாய் வரும். அவரவர் மொழியில் சொல்லட்டும் என்றுதான் பலகை வைத்தோம்" என்றார்.

சுகுமாறன் மேலதிகாரியின் அறைக்குள் போனார். கண்ணாடிக் கதவு வழியே அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது. திரும்பி வந்து, "அவங்களையே இன்னிக்குச் சாயந்தரத்துக்குள்ள வந்து திருத்திச் சொல்லச் சொல்றாரு. சொன்னா ஏத்துக்கறாராம்" என்றார். எனக்கு மூச்சு வந்தது. பவானிக்குப் போன் அடித்தார். எடுக்கவில்லை. பள்ளி விடும் நேரம், வேன் ஓட்டிக்கொண்டிருப்பார்.

கிளம்பிவிட்டோம். நெடுஞ்சாலையில் லோரிகளுக்கு நடுவே ஊர்ந்தோம். ஒரு பக்கம் புதுக் கட்டடங்கள், அடுத்த கட்டடத்துக்கான விளம்பரம், விளம்பரத்தில் மரத்தடியில் சைக்கிள் ஓட்டும் குடும்பம். மரத்தையும் காணோம், சைக்கிளையும் காணோம்.

"நாம எதையும் கட்டறதில்ல, எதையும் இடிக்கறதில்லக்கா" என்றார் சுகுமாறன், பாதிவழியில். "கலர்தான் அடிக்கறோம். அதனால வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்க முடியுது. நான் இந்த ஒரு தடவ ஒரே ஒரு துண்டுக்கு வேற கலர் அடிக்கணும்னு ஆசப்பட்டேன்."

"என்னைத் திட்டிடுங்க சுகு" என்றேன். அவர் திட்டவில்லை. நான்தான் உங்களை உட்காரச் சொன்னேன் என்றார். திட்டியிருந்தால் தேவலை.

துறைமுகச் சாலையிலிருந்து ஒரு மண்பாதை பிரிந்தது. அதன் முடிவில், தகரக் கூரை போட்ட வீடுகள். வாழை மரம், கோழி, சின்ன மாரியம்மன் கோயில், கோயிலைச் சுற்றி வட்டமாக வீடுகள். எந்த வீட்டு வாசலில் நின்றாலும் கோயில் தெரிகிற மாதிரிக் கட்டியிருந்தார்கள். யாரும் படித்து வந்து போட்ட திட்டம் இல்லை. நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து வரைந்த எதுவும் இவ்வளவு சரியாக அமைந்ததில்லை.

பவானி குழாயடியில் மஞ்சள் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "ஐயோ, மேடமே வந்துட்டாங்க! சுகு தம்பி, நீங்க கூட்டியாந்தீங்களா? ஒக்காருங்க, ஒக்காருங்க. ஏய் கோகிலா, கோப்பி கலக்கு!" அடுத்த வீட்டு ஜன்னலில் ஓர் இளம் பெண் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன.

"அக்கா, நீங்க எங்க கூட இப்ப ஆபீஸுக்கு வரணும்" என்று சுகுமாறன் ஆரம்பித்தார்.

"எதுக்குத் தம்பி? அதான் எல்லாம் முடிஞ்சிடுச்சே." பவானி ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "நேத்து கம்பெனி ஆளு மறுபடியும் தாளத் தூக்கிட்டு வந்தான். இத்தன நாளா நான்தானே இவங்க யாரையும் கையெழுத்துப் போட விடாம வச்சிருந்தேன்? நேத்து நானே மொதல்ல போட்டேன். பயப்படாம போடுங்க, கம்பத்த அப்படியே முழுசா மேட்டுக்கு மாத்தறாங்க, கோயிலும் கூடவே வருது, ஊர்லேருந்து வந்த மேடம் சொல்லிட்டாங்க, இவங்க இதுக்கு முன்னாடி எத்தனையோ கம்பத்த மாத்துனவங்கன்னு சொன்னேன். எல்லாரும் போட்டுட்டாங்க. ஒரு வீடு பாக்கி இல்ல."

சுகுமாறன் நாற்காலியில் உட்கார்ந்தார். "என்ன தாள்க்கா? படிச்சீங்களா?" என்றார்.

"காலி பண்ணிக்கிறோம், எங்களுக்கு ஆட்சேபம் இல்லன்னு. மாத்திக் குடுக்கப் போறாங்கன்னா காலி பண்ணித்தானே ஆகணும்?"

சுகுமாறன் எழுந்து வேனுக்கு அந்தப் பக்கம் போய் மேலதிகாரிக்குப் போன் போட்டார். மலாயில் கொஞ்சம் பேசினார். அதிகம் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து இல்லை என்று தலையசைத்தார். எல்லோரும் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட்ட பிறகு, வந்து சொல்ல என்ன ஆட்சேபம் பாக்கி இருக்கிறது?

இனி நான்தான் சொல்ல வேண்டும். சொன்னேன். எங்கள் ஊரில் கம்பம் என்றால் விளக்கு மாட்டுகிற தூண் என்பதையும், நான் அதைத்தான் மாற்றித் தருவதாகச் சொன்னேன் என்பதையும் சொன்னேன். முதலில் பவானி சிரித்தார். நிஜமாகவே வாய்விட்டுச் சிரித்தார். "லைட்டுக் கம்பமா! அடக் கடவுளே, நான் முழுசாவான்னு கேட்டேனே!" என்றார். பிறகு நான் அவரிடம் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவருக்கு நினைவு வந்தது. அது முகத்தில் தெரிந்தது. என்னால் பார்க்க முடியாமல் கோயிலைப் பார்த்தேன்.

"மலாய்லயே பேசியிருப்பேன் மேடம்" என்றார், மெதுவாக. "மலாய் மேசைல கூட்டம்கூட இல்ல. பலகைல தமிழ்னு போட்டிருந்துச்சு. அதான் வந்து ஒக்காந்தேன்."

கோகிலா தட்டில் கோப்பியோடு வந்தாள். அவள் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள், என்னைப் பார்க்க. "இவங்கதானா அந்த மேடம்?" என்று சிரித்தாள் கோகிலா. "எங்க வீட்டையும் அக்கா வீட்டையும் பக்கத்துப் பக்கத்துலயே வைக்கச் சொல்லுங்க மேடம். எம் பிள்ளைங்க இவங்க கையிலதான் சாப்பிடுதுங்க."

பவானி அவள் கையிலிருந்து தட்டை வாங்கிக் கீழே வைத்தார். "கோகிலா, இரு. மேடம் பேசுறது வேற தமிழு. நாந்தான் நம்ம தமிழுன்னு நெனச்சுட்டேன்" என்றார். பிறகு நடந்ததை எல்லோருக்கும் கேட்கும்படி, ஒன்றையும் மறைக்காமல், தன்னை நியாயப்படுத்தாமலும் என்னைக் குறை சொல்லாமலும், பள்ளிக்கு இன்று வேன் வராது என்று அறிவிப்பதுபோல் சொல்லி முடித்தார். நின்றவர்களில் ஒரு பெண் உட்கார்ந்துவிட்டாள்.

கோகிலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நாங்க எல்லாம் எங்க போறது, மேடம்?" என்றாள்.

தெரியாதும்மா என்றேன். அந்தத் தமிழ் அவளுக்கு உடனே புரிந்தது.